இடது கண்ணுக்கான படம்

எங்கள் வீட்டில் இருந்த ஏழெட்டு ஆண்டுகளில் அண்ணி ஒருமுறைகூட "தெரியல" என்று சொல்லி நான் கேட்டதில்லை. திருத்தணி மலைமேல் நின்று அண்ணன், "அதோ பாரு நம்ம வீடு" என்று கையை நீட்டுவதற்குள் அவர் தலையை ஆட்டிவிடுவார். "ஆங், தெரியுது, நல்லா கீது" என்பார். எதையாவது காட்டப்போகிறோம் என்று தெரிந்தாலே அவருக்குப் பதில் தயாராகிவிடும். காட்டியதைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். அப்பாவை நைனா என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் தெலுங்கில் இரண்டு வார்த்தை முணுமுணுத்து அதோடு விட்டுவிடுவார். ஒத்துப்போகிற குணம், நல்ல வளர்ப்பு என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைவிட அவளுக்குப் பெருமை, அண்ணியின் பக்தி. கிருத்திகைக்கு மலை ஏறினால் அண்ணி குனிந்து ஒவ்வொரு படியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஏறுவார். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, காலால் படியின் விளிம்பைத் தேடி வைப்பார்.

"சாமி படிங்க. மிதிச்சுகினு ஓடக் கூடாது" என்பார், யாராவது கேட்டால்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமக" என்று அம்மா பக்கத்தில் ஏறுகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்வாள். அப்போதெல்லாம் அண்ணியின் முகம் சிவந்துபோகும். புகழ்ந்தால் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

படம் எடுக்க மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. கடைத்தெருவில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மாடியில் குடும்பம். ஊர்ப் பெண்களெல்லாம் என் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், சொந்த அண்ணி நிற்கமாட்டார். கட்டாயப்படுத்தி நிறுத்தினால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார். கல்யாண ஆல்பத்தில்கூட நேர்ப்பார்வையில் ஒரு படம் கிடையாது. மாலையைப் பார்ப்பது போல, அண்ணனைப் பார்ப்பது போல, எப்போதும் வலது முகம்தான்.

கல்யாண வேலை குறைந்துபோன ஒரு வருடம் நான் முப்பரிமாணப் படம் எடுக்க ஆரம்பித்தேன். எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, வெறும் படத்துக்கு யார் ஸ்டூடியோவுக்கு வருவார்கள்? நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றன. அதனால்தான் எது கிட்டே இருக்கிறது, எது எட்ட இருக்கிறது என்று நமக்குப் பிடிபடுகிறது. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் எடுத்து, அதது அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் போகும்படி காட்டிவிட்டால் படம் தட்டையாக இல்லாமல் ஆழத்தோடு எழுந்து நிற்கும். அதையே சுற்றிலும் எடுத்து ஒட்டினால், பார்க்கிறவர் அந்த இடத்தின் நடுவில் நிற்பது போல இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் மலை அடிவாரத்திலேயே உட்கார்ந்து மேலே இருக்கிற காட்சியைப் பார்க்கலாம் என்பது என் திட்டம். சன்னிதிக்குள் படம் எடுக்க முடியாது. ஆனால் படிக்கட்டு, மண்டபம், மேலிருந்து தெரியும் ஊர், ஆடிக் கிருத்திகைக்கு வந்து குவியும் காவடிகள் என்று எடுப்பதற்கு எவ்வளவோ இருந்தது.

எடுத்த படத்தை எதில் காட்டுவது என்பதில்தான் நான் அல்லாடினேன். முதலில் கம்ப்யூட்டர் திரையில், சிவப்பும் நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடி. பிறகு போனைச் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் அட்டைப் பெட்டி. பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு முப்பரிமாண டிவி. கடைசியில் தலையில் மாட்டும் ஹெட்செட். ஒவ்வொன்று வரும்போதும் முதல் ஆளாக அண்ணியைத்தான் கூப்பிட்டுக் காட்டுவேன். அம்மாவுக்குத் தலை சுற்றும், அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. அண்ணி ஒருவர்தான் முகம் சுளிக்காமல் பார்ப்பார்.

சிவப்பு நீலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் நீலமா அழகா கீது தம்பி" என்றார். மற்றவர்கள் யாரும் நீலம் என்று சொன்னதில்லை. காவடி நீட்டிக்கொண்டு வருகிறது, கோபுரம் பின்னால் போகிறது என்றுதான் சொன்னார்கள். அண்ணிக்கு நீலம் பிடிக்கும்போல என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். டிவியில் நான் ரிமோட்டால் காட்சியைத் திருப்பத் திருப்ப, நாங்கள் எல்லாம் கண் எரிகிறது என்று எழுந்து போனபிறகும் அவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார்.

ஹெட்செட்டில் அவரைப் பார்ப்பதே ஒரு அழகு. புதிதாக மாட்டுகிறவர்கள் கழுத்து விறைத்து, பயந்து, நேராகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "திரும்பிப் பாருங்க, பின்னாடியும் கீது" என்று நாம் சொல்லவேண்டும். அண்ணி சொல்லாமலே திரும்புவார். முகவாயைத் தோள்வரை கொண்டுபோய், நிதானமாக, ஒரு மூலை விடாமல். வாழ்நாள் முழுக்க அப்படியே பார்த்துப் பழகியவர் மாதிரி இருக்கும்.

"அண்ணி ஓகே சொல்லிட்டா போதும்" என்பது கடையில் என் வழக்கமான பேச்சாகிவிட்டது. வாடிக்கையாளர்களிடமும் சொல்வேன். அண்ணி அதைக் கேட்டால் உடனே மாடிக்குப் போய்விடுவார்.

ஒருமுறை கே.ஜி.கண்டிகையில் நடந்த ஒரு கல்யாணத்தை எடுத்திருந்தேன். வேலை அவசரத்தில் இடது கண் படமும் வலது கண் படமும் இடம் மாறி ஏறிவிட்டன. அப்படி மாறினால் முன்னால் இருப்பது பின்னால் போகும், பின்னால் இருப்பது மூக்கு மேல் வந்து நிற்கும். பார்க்கிறவர் மூளை திணறிப்போகும். எனக்கு அன்று ஜுரம். அண்ணியிடம் ஹெட்செட்டைக் கொடுத்து, "ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன். முழுக்கப் பார்த்தார். "நல்லா கீது தம்பி, குடுத்துடு" என்றார். மறுநாள் பெண்ணின் தாய்மாமன் கடை வாசலில் வந்து நின்று கத்தினார்.

"இன்னா படம் எடுத்து வச்சிகீற? எங்க அக்கா பாத்துட்டு வாந்தி எடுத்துகினு படுத்துகீது! மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னாடி பந்தக்கால் இருக்கணுமா, முன்னாடி இருக்கணுமா?"

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அண்ணி மாடிப்படியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவர் அப்படி வெளி ஆட்கள் முன்னால் வந்து நிற்பவர் இல்லை.

"என்மேலதாங்க தப்பு. தம்பி என்னைத்தான் பாக்கச் சொல்லிச்சு. நான்தான் சரியா பாக்கல" என்றார்.

"விடுங்க அண்ணி, மாத்திப் போட்டது நான்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். வந்தவருக்கே சங்கடமாகி, "பரவால்லம்மா, திருத்திக் குடுத்தா போதும்" என்று போய்விட்டார். அன்று அண்ணி மத்தியானம் சாப்பிடவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு அவமானப்படவேண்டுமா என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணியின் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். நல்ல சூட்டிகை, வாய் ஓயாது. கண்ணில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் படிப்பாள், அவ்வளவுதான். பந்தை எறிந்தால் பிடிக்கமாட்டாள். "உங்க அம்மா மாதிரி மெத்தனம்" என்று அம்மா சொல்வாள்.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்குக் கடை வாசலில் இரண்டு நாற்காலி போட்டு ஹெட்செட்டை வைத்தேன். தெரு முழுக்க மஞ்சள் துணியும் அரோகராவும். ஆந்திராவிலிருந்து வந்த கூட்டம்தான் அதிகம். வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய ஒருவர் மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

"ஏம்ப்பா, ஒரு கண்ணு இருட்டா கீதே?"

வாங்கிப் பார்த்தேன். இடது பக்கத் திரை அணைந்துபோயிருந்தது. வலது கண்ணில் மட்டும் படம், இடது பக்கம் கன்னங்கரேல். பார்க்கவே குமட்டியது. சரிசெய்ய உள்ளே ஸ்குரூடிரைவர் தேடப் போனேன். திரும்பி வந்தபோது பாப்பா நாற்காலியில் ஏறி அதை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, காவடி சூப்பரா கீது! மயில் இறகு ஆடுது!"

"அது ரிப்பேர் பாப்பா, கழட்டு."

"ரிப்பேர் இல்ல. எல்லாம் தெரியுது."

"ஒரு பக்கம் கறுப்பா இல்ல?"

அவள் தலையை நாலாபக்கமும் திருப்பித் தேடினாள். "எங்க கறுப்பு?"

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் டீ டம்ளர்களோடு வாசல்படியில் நின்றிருந்த அண்ணி சிரிக்கவில்லை. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு வந்தார். மகளின் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

"தம்பி, இதுல எந்தப் பக்கம் இருட்டு?"

"இடது பக்கம் அண்ணி. பாத்தா தெரியுமே."

ஹெட்செட்டை என் கையில் கொடுத்தார். மகளுக்கு முன்னால் மண்டியிட்டு, தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினார்.

"எதிர்க்கடை போர்டுல இன்னா எழுதிகீது, படி."

"கையை எடும்மா."

"படிடி."

"எழுத்தெல்லாம் அழிஞ்சு கீதும்மா. கையை எடு. பயமா கீது."

குழந்தை அழ ஆரம்பித்தது. அண்ணி கையை எடுத்தார். நடுத்தெருவில், அத்தனை பேர் கால்களுக்கு நடுவில், சேலை மண்ணில் புரள உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் இப்படித்தான் தம்பி. சின்னதுலேர்ந்து. இந்தக் கண்ணு உதவாது. நீ காட்டினது எதுவுமே எனக்கு எழுந்து நிக்கல. எல்லாமே காலண்டர் படம் மாதிரிதான்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்குள்ளிருந்து அம்மா வந்து அண்ணியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எழுந்து உள்ள வா. தெருவுல உக்காந்துகினு இன்னா பேச்சு இது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திய பிறகு அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய அப்பாவின் தங்கை ஒருத்திக்கு மாறுகண். கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அவளை 'ஒண்ணரைக்கண்ணி' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ கண் பரிசோதனை செய்து அண்ணிக்கும் ஒரு கண்ணில் பார்வை இல்லை என்று சொன்னபோது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத குறைதானே என்று வீட்டில் ஆறுதல் அடைந்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவருடைய அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். களைத்துப்போனால் அந்தக் கண் லேசாக விலகுமாம். அதனால்தான் படத்துக்குப் பக்கவாட்டில் நிற்பது. படிகளைத் தொட்டு ஏறியதும் பக்தியால் அல்ல. படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாததால்.

"அத்தை எல்லார்கிட்டயும் பெருமையா சொல்றப்போ எனக்கு உடம்பே எரியும்" என்றார், என் அம்மாவைப் பார்க்காமல்.

அம்மா என்னிடம், "இது பெரியவனுக்குத் தெரிய வேணாம். மறைச்சுக் கட்டிட்டாங்கன்னு ஆயிடும். குழந்தைக்குக் கண்ணாடி போடணும்னு மட்டும் சொல்லு" என்றாள். அண்ணன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அன்று ஷிப்ட் முடிந்து வந்தபோது அப்படியே சொன்னோம். அண்ணி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் கண்ணைப் பற்றி அண்ணனிடம் தானே சொல்கிறேன் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள்வரை அவருக்கு வாய் வரவில்லை.

சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். சின்ன வயது டாக்டர் அம்மா, பாப்பாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு அட்டைப் புத்தகம் ஒன்றைத் திறந்தார். பக்கம் முழுவதும் பெரிய ஈயின் படம். அதுவும் என் தொழில்தான். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம். எட்டிப் பார்த்தேன், கண்ணாடி இல்லாததால் எனக்குக் கலங்கலாகத்தான் இருந்தது.

"ஈயோட றெக்கையைப் பிடி பார்க்கலாம்."

இரண்டு கண்ணும் சரியாக இருக்கிற குழந்தை, தாளுக்கு மேலே காற்றில் கிள்ளும். சில குழந்தைகள் பயந்து கையை இழுத்துக்கொள்ளுமாம். பாப்பா ஆள்காட்டி விரலைத் தாளில் அழுத்தி, "இந்தா புடிச்சிட்டேன்" என்றாள்.

டாக்டர் புத்தகத்தை மூடினார். ஒரு கண்ணில் மட்டும் பவர் மிக அதிகம், அதனால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கி வைத்துவிட்டது என்றார். கண்ணாடி போடவேண்டும், நல்ல கண்ணை ஒட்டி மூடி வைத்து, பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுக்கவேண்டும். இரண்டு மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாகத் தேறும், இப்போதும் முயற்சி செய்யலாம் என்றார். பிறகு கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

அண்ணி என்னைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது.

"இவங்களுக்கு இருக்கு டாக்டர்" என்றான் அண்ணன். "இடது கண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியேர்ந்து."

நான் சொல்லவில்லை என்று தலையை அசைத்தேன். அண்ணி அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் பாப்பாவின் வலது கண்ணில் ஒட்டு இருந்தது. அண்ணி ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தபோது வகுப்புக்கே போய் டீச்சரிடம் பேசினார். இடது கண்ணின் பார்வை பாதிக்குமேல் தேறியது, முழுதாக வரவில்லை. ஆழம் இன்றுவரை அவளுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. அண்ணனுக்கு ஓசூரில் வேலை மாறி அவர்கள் போய்ப் பல வருடமாகிறது. அண்ணியை நினைத்தால் எனக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ரயில்தான் ஞாபகத்துக்கு வரும்.

சென்ட்ரலிலிருந்து திருத்தணி வண்டி. புதுக் கண்ணாடி வர நாளாகும், ஆனால் ஒட்டுப்போட்டுப் பழகட்டும் என்று அன்றே போட்டு அனுப்பியிருந்தார்கள். பாப்பா அண்ணியின் மடியில் தூங்கினாள். எதிரில் நானும் அண்ணனும். திருவள்ளூர் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகு அண்ணி கேட்டார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மொத வாரமே. ரோட்டைக் கடக்கறப்போ இந்தப் பக்கம் வர்ற வண்டியை நீ பாக்கல."

"ஏங்க கேக்கல?"

அண்ணன் கைவிரல்களைப் பார்த்தான். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம், இத்தனை நாள் கழிச்சுக் கேட்டா நீ கூசிப் போயிடுவேன்னு வுட்டுட்டேன்."

"இவளுக்கு மூணு வயசுலயே எனக்குச் சந்தேகம். இவ ஒரு கண்ணை மூடிப் பாக்க பயமா இருந்துச்சு. இவளுது தெரிஞ்சா என்னுதைச் சொல்லணுமேன்னு." மடியில் கிடந்த தலையை அவர் தடவிக்கொண்டே இருந்தார். "நாம ரெண்டு பேரும் மானத்தைக் காப்பாத்திகினோம். இவ கண்ணு போச்சு."

மணவூரில் பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் ஒட்டைப் பார்த்தார்.

"அய்யோ, இன்னாம்மா குழந்தை கண்ணுக்கு? அடிபட்டுச்சா?"

"ஆமாங்க, கீழ வுழுந்துட்டா" என்றான் அண்ணன், சட்டென்று.

"வுழலைங்க" என்றார் அண்ணி. குரல் பெட்டியின் கோடிவரை கேட்டது. "எனக்கு ஒரு கண்ணு தெரியாது. அது இவளுக்கும் வந்துகீது. நாங்க சொல்லாம மறைச்சு வச்சிட்டோம்."

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். பூக்கார அம்மா கூடையைக் காலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அண்ணிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. ஆனாலும் முந்தானையை இழுத்து மூடவில்லை, பக்கவாட்டில் திரும்பவும் இல்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்பது போல நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். களைப்பில் அவருடைய இடது கண் மெல்ல விலகிப் போயிருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டான். அரக்கோணம் போய், திருத்தணி வந்து வண்டி நிற்கும்வரை எங்கள் இருவராலும் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.